மரம் அளக்கும் பிளாஸ்டிக் துப்பாக்கி: ஏழு மாதம் கையில் வைத்திருந்த பிறகு

வீரவநல்லூர்ப் பக்கம் ஒரு வீட்டுப் புறவாசலில் நின்ற தென்னை, இரண்டு வருஷத்துக்கு முன்னால் அடுத்த வீட்டு மாட்டுத் தொழு மேல் விழுந்தது. வெட்டியது நாங்கள்தான். அன்றைக்கு மரத்தின் உயரத்தை செல்போனில் இறக்கி வைத்திருந்த ஒரு ஆப்பில் பார்த்தேன். 47 அடி என்றது. தூரிலிருந்து தொழுவுக்கு 52 அடி. அஞ்சு அடி மிச்சம் இருக்கிறதே, முழு மரமாகவே சாய்த்துவிடலாம் என்று சொன்னது என் வாய்தான். விழுந்த பிறகு டேப் பிடித்தால் 56. கொண்டை போய் ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் உட்கார்ந்து நாலு ஷீட்டை நொறுக்கிவிட்டது. உள்ளே கட்டிக் கிடந்த கன்றுக்குட்டியை அந்த வீட்டு ஆச்சி பத்து நிமிஷம் முன்னால்தான் அவிழ்த்து வெளியே வேப்பமரத்தடியில் கட்டியிருந்தார்கள்.

ஷீட்டுக்குக் காசு கொடுத்தோம். அது தீர்ந்தது. ஆனால் அந்தப் பத்து நிமிஷத்தை நினைத்து பல ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மரம் வெட்டுவதே என் தொழில். என் அப்பாவும் தாத்தாவும் செய்த தொழில். உயரம் தெரியாமல் வாளை வைக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. தெரிந்தும் ஒரு ஆப்பை நம்பினேன்.

அதற்கு அப்புறம் கொஞ்ச காலம் தாத்தாவின் கம்புக் கணக்கிலேயே ஓடியது. அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன். ஏழு மாதத்துக்கு முன்னால் பாளையங்கோட்டையில், பள்ளிக்கூடங்களுக்கு ஆய்வுக்கூடச் சாமான் விற்கிற கடையில், 640 ரூபாய் கொடுத்து ஒரு கிளினோமீட்டர் வாங்கினேன். தமிழில் சாய்வுமானி. ஒன்றை எத்தனை பாகை அண்ணாந்து பார்க்கிறோம் என்று சொல்கிற சாமான். கடைப் பையன் எடுத்துக் காட்டும்போதே, "அண்ணாச்சி, இது ஸ்கூல் பிள்ளைகளுக்குக் காட்டுறதுல்லா, நீங்க மரம் வெட்டவா கேக்கீங்க?" என்றான். ஆமாம் தம்பி, மரம் வெட்டத்தான் என்றேன். ஒரு 30 மீட்டர் பைபர் டேப்பும் சேர்த்து எடுத்துக்கொண்டேன்.

சாமான் பார்க்க விளையாட்டுத் துப்பாக்கி மாதிரி இருக்கும். மஞ்சள் பிளாஸ்டிக். மேலே ஒரு குழாய். கண் வைக்கிற பக்கம் சின்னத் துளை, மறுபக்கம் குறுக்கே ஒரு கோடு. பக்கவாட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டச் சக்கரம், விளிம்பில் பாகை எண்கள். சக்கரத்தின் அடியில் சின்ன ஈயத் துண்டு இருப்பதால் அது எப்போதும் கீழே போகப் பார்க்கும். கொத்தனார் தூக்குகுண்டு தொங்குகிற அதே சங்கதிதான். விசையை அழுத்தினால் சக்கரம் விடுபட்டு ஆடும். மரத்தின் உச்சியைக் கோட்டில் கொண்டுவந்து நிறுத்தி, ஆட்டம் அடங்கியதும் விசையை விட்டால் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். அப்புறம் சாவகாசமாகக் கீழே இறக்கி எண்ணைப் படிக்கலாம். இந்தப் பூட்டுதான் எனக்குப் பிடித்தது. பாகைமானியில் நூலும் கல்லும் கட்டி நானே ஒன்று செய்து பார்த்தேன். அதில் ஒருவர் உச்சியைப் பார்க்க இன்னொருவர் பக்கத்தில் குனிந்து நூலைப் படிக்க வேண்டும். ஆடிக் காற்றில் நூல் எங்கே நிற்கிறது?

வாங்கின அன்றைக்கே வேலைக்குக் கொண்டுபோகவில்லை. முதலில் அதைச் சோதித்தேன். எங்கள் தோப்பில் 30 அடி இடைவெளியில் இரண்டு தென்னை. ஒன்றில் என் கண் உயரத்துக்கு சாக்பீஸ் கோடு. கொத்தனாரிடம் டியூப் மட்டம் (மட்டம் பார்க்கிற தண்ணீர்க் குழாய்) இரவல் வாங்கி, அதே மட்டத்தில் அடுத்த மரத்திலும் கோடு. இந்தக் கோட்டில் கண்ணை வைத்து அந்தக் கோட்டைப் பார்த்தால் சக்கரம் பூஜ்யம் காட்ட வேண்டும். ஒன்றரை பாகை காட்டியது. அந்த மரத்துக்குப் போய் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தேன், அதே ஒன்றரை. கோடு தப்பாக இருந்தால் ஒரு பக்கம் கூடி மறுபக்கம் குறையும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி என்றால் சாமானில்தான் கோளாறு.

திருப்பிக் கொடுத்திருக்கலாம். கடையில் அதே மாதிரி இன்னும் இரண்டைச் சோதித்துப் பார்க்கவும் விட்டார்கள். அவற்றிலும் ஒரு பாகை, முக்கால் பாகை என்று இருந்தது. பள்ளிக்கூடத்துக்குச் செய்கிற சாமான், அப்படித்தான் வரும் போல. கோளாறு எவ்வளவு என்று தெரிந்து, அது மாறாமல் இருந்தால், கழித்துக்கொள்ளலாம். என்னிடம் இருப்பதில் எந்த எண் வந்தாலும் ஒன்றரை கழிக்கிறேன். பிடியில் மார்க்கரால் "-1½" என்று எழுதியிருக்கிறது. இதை யாராவது வாங்கினால் முதல் வேலையாக இந்தச் சோதனையைச் செய்யுங்கள். 50 அடி தள்ளி நின்று 45 பாகையில் பார்க்கும்போது ஒரு பாகை பிசகினால் உயரத்தில் ஏறக்குறைய ஒன்றே முக்கால் அடி பிசகும். ஒன்றரை பாகை என்றால் ரெண்டரை அடிக்கு மேல். எனக்கு அது ஒரு ஷீட்.

பயன்படுத்துவது சுலபம். மரத்துக்குத் தள்ளி நின்று 45 பாகை வருகிற இடத்தைத் தேடுகிறேன் (என் சக்கரத்தில் 46½). அந்த இடத்திலிருந்து தூர் வரை டேப்பில் என்ன தூரமோ, அதோடு தரையிலிருந்து என் கண் இருக்கிற உயரத்தைக் கூட்டினால் மரத்தின் உயரம். என் கண் உயரம் 5 அடி 1 அங்குலம். பெருக்கல் வகுத்தல் எதுவும் வேண்டாம். வீடு, சுவர், சாக்கடை என்று 45-க்கு நிற்க இடம் கிடைக்காத இடங்களுக்காக சக்கரத்தின் முதுகில் ஒரு பிளாஸ்டரை ஒட்டி எழுதி வைத்திருக்கிறேன்: 35-க்கு 0.70, 40-க்கு 0.84, 50-க்கு 1.19, 55-க்கு 1.43, 60-க்கு 1.73. தூரத்தை அந்த எண்ணால் பெருக்கி, கண் உயரத்தைக் கூட்டு, அவ்வளவுதான். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான், எனக்கே ரெண்டு நாளில் பழகிவிட்டது. ஒன்று மட்டும், மரத்தடிக்குப் பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்க்காதீர்கள். 55 அடி மரத்தை 20 அடியில் நின்று பார்த்தால் அதே ஒரு பாகைப் பிசகு ரெண்டரை அடியாக வளர்ந்துவிடும்.

ஆப் ஏன் ஏமாற்றியது என்பது இந்தச் சாமானைப் பழகிய பிறகுதான் எனக்குப் புரிந்தது. அது தூரத்தை அளப்பதே இல்லை. போன் தரையிலிருந்து 5 அடி உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டு, மரத்தின் தூரைக் காட்டச் சொல்லி, போன் கீழ்நோக்கிச் சாய்கிற பாகையிலிருந்து தூரத்தைக் கணக்குப் போட்டுக்கொள்கிறது. 50 அடி தள்ளி நின்றால் அந்தச் சாய்வு 5.7 பாகைதான். கை ஒரே ஒரு பாகை நடுங்கினால் 50 அடி என்பது 43 அடியாகும், இல்லை 61 அடியாகும். அடிப்படைத் தூரமே இப்படி ஆடினால் மேலே உயரம் எங்கே உருப்படும்? போதாததற்கு அந்தப் புறவாசல் பள்ளம். தூர் நான் நின்ற இடத்தைவிடத் தாழ இருந்தது. டேப் பிடித்திருந்தால் தூரமாவது சரியாக வந்திருக்கும். 640 ரூபாய்ச் சாமானைவிட அதோடு வாங்கிய டேப்தான் பெரிய காவல் என்று இப்போது என் பையன்களிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

இன்னொரு தப்பு முழுக்க என்னுடையது. மரம் தொழுவைப் பார்த்துச் சாய்ந்திருந்தது, நான் முதுகுப்பக்கம் நின்று அளந்தேன். நம்மை விட்டு விலகிச் சாய்ந்த மரம் குட்டையாகத் தெரியும். நம்மைப் பார்த்துச் சாய்ந்தது நெட்டையாகத் தெரியும். சாய்வுக்குக் குறுக்கே, பக்கவாட்டில் நின்றுதான் அளக்க வேண்டும். அப்படி நின்றால் உச்சிக்கு நேர் கீழே தரையில் எந்த இடம் என்பதும் தெரியும். தூரை விட்டுவிட்டு அந்த இடம் வரைக்கும்தான் டேப் பிடிக்க வேண்டும். அப்படி அளந்தாலும் கிடைப்பது தரையிலிருந்து உச்சிக்கு நேர் உயரம். மரம் விழும்போது நமக்கு வேண்டியது நீளம். 20 பாகை சாய்ந்த தென்னையின் நேர் உயரம் 53 அடி என்றால் உடம்பின் நீளம் 56-க்கு மேல். 2023 டிசம்பர் வெள்ளத்துக்கு அப்புறம் தாமிரபரணிக் கரையோரத்தில் சாய்ந்த மரங்களுக்குத்தான் எங்களைக் கூப்பிட்டவர்கள் அதிகம். நேராக நிற்கிற மரத்தை யார் வெட்டச் சொல்கிறார்கள்?

வேறு தொழிலில் இல்லாத ஒரு வசதி எங்களுக்கு உண்டு. கோபுரத்தை அளந்தவர் கணக்கு சரியா என்று டேப் வைத்துப் பார்க்க முடியாது. எங்கள் மரம் மத்தியானத்துக்குள் தரையில் படுத்துவிடும். அதனால் ஏழு மாதமாக ஒவ்வொரு மரத்துக்கும் முன் கணக்கு, பின் கணக்கு இரண்டையும் நோட்டில் குறித்திருக்கிறேன். மொத்தம் 31 மரம். கல்லிடைக்குறிச்சியில் ஒரு தேக்கு, சாமான் சொன்னது 61, டேப் சொன்னது 60. பத்தமடையில் ஒரு தென்னை, 54-க்கு 55½. சேரன்மகாதேவியில் இடி விழுந்து காய்ந்த தென்னை, 48-க்கு 48. பெரும்பாலும் இரண்டு அடிக்குள் நிற்கிறது.

தப்பியது ஒரு வேம்பில். 44 என்று வந்தது, படுத்ததும் பார்த்தால் 38. ஆறு அடி! சாமானைத் தூக்கி எறியலாமா என்று இருந்தது. எங்கள் ஏறுகாரர் எனக்கு மாமா முறை. ஐம்பது வயதுக்கு மேல் ஆகியும் தென்னையில் அணில் மாதிரி போவார். அவர்தான் அடுத்த வேம்பின் அடியில் என்னை நிறுத்திக் காட்டினார். "மருமவனே, நீ பாக்கது உச்சி இல்ல. முன்னால தள்ளிக்கிட்டு நிக்க கொப்பு. உச்சி அதுக்குப் பின்னால ஒளிஞ்சு கெடக்கு." உண்மைதான். குடை மாதிரி விரிந்த மரத்தில் பக்கத்தில் நின்றால் நம் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிற கிளையின் தோள்தான் உச்சி போலத் தெரியும். அது நமக்குக் கிட்டே இருப்பதால் பாகை கூடிவிடுகிறது. வேம்பு, வாகை, புளி எல்லாவற்றுக்கும் இப்போது இன்னும் பத்திருபது அடி பின்னால் போய், நடு உச்சி கண்ணுக்குத் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அளக்கிறேன். அதற்குப் பிறகு இரண்டு வேம்பு வெட்டினோம், இரண்டிலும் இரண்டு அடிக்குள் வந்துவிட்டது.

தாத்தா கணக்கு இப்படி: கையை நீட்டிக் கம்பைச் செங்குத்தாகப் பிடிக்க வேண்டும். முஷ்டிக்கு மேலே நிற்கிற கம்பின் நீளமும், முஷ்டியிலிருந்து கண் வரைக்குமான நீளமும் ஒன்றாக இருக்க வேண்டும். கம்பைப் படுக்கப் போட்டுக் கன்னத்தில் முட்டுகிறதா என்று பார்த்துக்கொள்வார். அப்புறம் முஷ்டி மரத்தின் தூரிலும் கம்பு நுனி மரத்தின் உச்சியிலும் பொருந்துகிற வரைக்கும் பின்னால் நடப்பார். பொருந்தின இடத்திலிருந்து தூர் வரை எத்தனை அடியோ, மரம் அத்தனை அடி. 45 பாகை என்ற வார்த்தையை அவர் வாழ்நாளில் கேட்டதில்லை, ஆனால் கணக்கு ஏறக்குறைய அதேதான். அந்த 31 மரத்தில் 12 மரத்தைக் கம்பாலும் அளந்தேன். மூன்று நாலு அடிக்குள் வந்தது. ஒரு ரூபாய் செலவில்லாத முறைக்கு இது பெரிய காரியம். கம்பில் இருக்கிற சங்கடம், மேலேயும் கீழேயும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும், கை தளரக் கூடாது, தரை மேடு பள்ளம் இல்லாமல் இருக்க வேண்டும். சாமான் வாங்க முடியாதவர்கள் கம்பையே நம்பலாம், ஆப்பை நம்ப வேண்டாம். அஞ்சு அடி கூட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

நிழல் கணக்கும் உண்டு. ஆறு அடிக் கம்பின் நிழல் நாலு அடி என்றால், மரத்து நிழலில் ஒன்றரை மடங்கு மரம். வயல்காட்டில் ஒற்றை மரத்துக்கு நன்றாக வரும். ஊருக்குள் மரத்தின் நிழல் சுவரில் ஏறி ஓட்டில் விழுந்து கிடக்கும், எதை அளப்பது? நம் ஊரில் சித்திரை பிறப்பை ஒட்டி உச்சி வெயிலில் சூரியன் நேர் தலைக்கு மேல் வந்துவிடும், நிழலே காலடியில் சுருண்டுவிடும்.

லேசரில் அளக்கிற சாமான் ஒன்றை ஒரு தோட்டக்காரர் ஒரு நாள் கையில் கொடுத்தார். தேக்கங்கட்டை, சுவர் என்றால் பட்டென்று சொல்கிறது. தென்னை உச்சியில் மட்டை இடுக்கில் கதிர் நழுவி வேறு எங்கேயோ பட்டு, மூன்று தடவைக்கு மூன்று எண். விலையும் என் பட்ஜெட்டில் இல்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். கண் துளை மிகச் சிறியது. காலையில் கிழக்கே பார்த்தோ சாயங்காலம் மேற்கே பார்த்தோ அளந்தால் வெயில் கூசி உச்சி தெரியாது. மாமா கண்ணாடி போட்டவர், அவரால் துளைக்குள் பார்க்கவே முடியவில்லை. விசையின் ஸ்பிரிங் அஞ்சாவது மாதம் தளர்ந்து, பூட்டின பிறகும் சக்கரம் அரை பாகை நழுவ ஆரம்பித்தது. சைக்கிள் கடையில் ஒரு ஸ்பிரிங் வெட்டிப் போட்டுச் சரி செய்தேன். மறுபடி டியூப் மட்டம் வைத்துப் பார்த்தேன், கழிவு அதே ஒன்றரைதான். தூசி புகுந்தால் சக்கரம் ஒட்டிக்கொள்கிறது. மரத்தூள் பறக்கிற இடத்தில் வேலை செய்கிறவன் என்பதால் டிபன் டப்பாவுக்குள் துணி சுற்றி வைத்திருக்கிறேன். சாரல் காலத்தில் கொண்டை ஆடிக்கொண்டே இருக்கும். மூன்று தடவை அளந்து பெரிய எண்ணை எடுத்துக்கொள்கிறேன். நடு எண் எடுப்பதுதான் முறை என்று ஒரு வாத்தியார் சொன்னார். அவருக்குச் சரி, எனக்குப் பெரிய எண்தான்.

கிட்டப் போக முடியாத மரத்தையும் இதில் அளக்கலாம் என்று அந்த வாத்தியார்தான் சொல்லிக்கொடுத்தார். கன்னடியன் கால்வாயில் தண்ணீர் போகும்போது அக்கரை மருதமரத்தில் செய்து பார்த்தோம். கரையோரம் 45 பாகை வருகிற இடத்தில் ஒரு கல். அப்படியே நேர் பின்னால் நடந்து 30 பாகை வருகிற இடத்தில் இன்னொரு கல். இரண்டு கல்லுக்கும் நடுவில் 38 அடி. அதை, இந்த இரண்டு பாகைக்கும் உரிய எண்ணான 1.366-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 52. கண் உயரத்தைக் கூட்டினால் 57. இரண்டு கரையும் ஒரே மட்டமாக இருந்ததால் அப்படியே எடுத்துக்கொண்டோம். டேப் தண்ணீரைத் தொடவே இல்லை. அந்த மருதத்தை நாங்கள் வெட்டப்போவதில்லை, வெட்டவும் கூடாது. ஆனாலும் அதன் உயரம் தெரிந்த அன்றைக்கு மனசு நிறைந்திருந்தது. பனையும் அப்படித்தான். 2021-க்குப் பிறகு கலெக்டர் அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது என்று வந்தது நல்லதாயிற்று. கேட்டு வருகிறவர்களிடம் அளந்து மட்டும் சொல்கிறேன்.

மரம் வெட்டுகிறவர்கள், கோயில் கொடைக்கு சீரியல் செட் கட்டுகிறவர்கள், போஸ்ட் நடுகிறவர்கள் எல்லோரும் வாங்கலாம். 640 ரூபாய்க்கு மேல் கொடுக்காதீர்கள்.

போன மாதம் அதே வீரவநல்லூர் வீட்டிலிருந்து மறுபடி கூப்பிட்டார்கள். முதல் மரத்துக்குப் பக்கத்திலேயே நிற்கிற இன்னொரு தென்னை, வண்டு விழுந்து குருத்து போய்விட்டது. எங்களையே கூப்பிட்டதற்கு அந்த ஆச்சி கையைப் பிடித்துக்கொண்டேன். தூரிலிருந்து தொழுவுக்கு 49 அடி. பக்கவாட்டில் 50 அடி தள்ளி நின்று பார்த்தேன், 46½, கழித்தால் 45. உயரம் 55, லேசான சாய்வுக்கு ஒன்று கூட்டினால் நீளம் 56. முழுசாகச் சாய்க்கிற பேச்சே இல்லை. மாமா ஏறி மட்டைகளைக் கழித்து, கொண்டையை வடத்தில் கட்டி இறக்கினார். அப்புறம் மேல்தண்டில் ஆறு ஆறு அடியாக இரண்டு துண்டு. மிச்சம் நின்ற 36 அடித் தண்டைத்தான் தொழுவைப் பார்த்துச் சாய்த்தோம். நுனிக்கும் தொழுச் சுவருக்கும் நடுவில் டேப் பிடித்தேன். 13 அடி. கன்றுக்குட்டி இப்போது பசுவாகியிருக்கிறது. ஆச்சி அதை அன்றைக்கும் காலையிலேயே வேப்பமரத்தடிக்கு மாற்றிக் கட்டியிருந்தார்கள்.